றெக்கைப் பலகைக்கு எழுதிய விதி

ஜொகூர் நீரிணையில் எங்கள் படகு மன்றத்துக் கரையிலிருந்து இறங்கும் இரட்டைப் படகு எதுவானாலும் அது என் பட்டறையில் பிறந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். கடலை முதன்முதலில் பார்த்ததே மீசை முளைத்த பிறகுதான். பள்ளிக்கூடமும் நானும் ஆறாம் வகுப்போடு ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். உலு திராமில் ஒரு சீனரிடம் பைபர் தொட்டி வேலை பழகினேன். பிறகு சொந்தமாகத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பிறகு மீன்பிடிப் படகு, கடைசியில் இந்தப் பந்தயப் படகுகள். இன்றைக்கு அந்தப் படகுகளுக்கான விதிப் புத்தகத்தில் நான் சொன்ன ஒரு விதி இங்கிலீஷிலும் மலாயிலும் அச்சாகி இருக்கிறது. அதை என்னால் இரண்டு மொழியிலும் சரளமாகப் படிக்க முடியாது. ஆனால் அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

படகு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான இரண்டு உடல், நடுவே இறுக்கிக் கட்டிய வலை, ஒரே பாய், ஓட்டுவதற்கு ஒரே ஆள். கட்டுமரம் என்று எழுதுங்களேன் என்றார் ஒருவர். இதில் மரமும் இல்லை, கட்டிய கயிறும் இல்லை. நான் இரட்டைப் படகு என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு உடலின் நடுவிலும் மேலிருந்து கீழே வரை ஒரு துளை போகும். அதற்குள் ஒரு நீளப் பலகையைச் செருகினால் அடி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அது இல்லையென்றால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போய்ச் சிங்கப்பூரில் விட்டுவிடும். ஆழம் குறைந்தால் பலகையை மேலே இழுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அந்தப் பலகையின் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாப் படகும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஓட்டுகிறவரின் சாமர்த்தியம் தெரியும். அதற்காகத்தான் விதிப் புத்தகம். உடல் இத்தனை நீளம், பாய் இவ்வளவு பெரிது என்று அதில் இருக்கும். பலகையைப் பற்றி மட்டும் ஒரு வரிதான்: ஒரு உடலுக்கு ஒன்று. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது என் மருமகள்.

மூத்த மகனின் மனைவி. தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், விமானத்தின் வால் பாகங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறாள். என் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுவான். இவளுக்கோ கடல் இல்லாமல் முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், "மாமா, அந்தப் படகு சும்மாதான நிக்குது?" என்று கேட்டாள். அன்று கொடுத்ததுதான், திரும்ப வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நான் படகுத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. படகுகள் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் கரை வரை கேட்கும். துணியை நீளமாகக் கிழிப்பது போன்ற சத்தம். இவளுடைய படகு துறைக்கு நேராக வரும்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. படகு நின்றுவிட்டதோ என்று பார்த்தால், முன்னைவிட வேகமாகப் போகிறது. இரண்டு உடலுக்கும் கீழே வெளிச்சம் தெரிந்தது. படகு தண்ணீரில் இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு மூக்கைத் தொப்பென்று தண்ணீரில் குத்தி, இவளைத் தூக்கிப் பாய்மேல் எறிந்தது. எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினாள்.

நான் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். கரைக்கு வந்ததும் முதலில் படகைத்தான் பார்த்தேன், அவளுக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அடியில் பலகை நேராக இறங்கவில்லை. கீழே போய் உள்பக்கமாக மடங்கி, கறுப்பாக, மெல்லிசாக, மீனின் செட்டை போல நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"றெக்கை, மாமா. காத்துல விமானம் செய்றத தண்ணியில இது செய்யுது."

"எங்க செஞ்ச?"

"உங்க பட்டறைலதான். தொட்டி அடுக்கி வச்சிருக்கிற இடத்துக்குப் பின்னால. நீங்கதான் பாத்துட்டு, வீட்டுக்கு அலமாரித் தட்டான்னு கேட்டீங்களே, நானும் ஆமான்னுட்டேன்."

பிசின் ஊறி இறுகிய பிறகு உரித்தெடுக்கும் மேல்துணி எங்கே வாங்கினாள் என்று பார்த்தால், அவள் அம்மா வீட்டுக் கடையிலிருந்து வந்த உள்பாவாடைத் துணி. நைலான் துணி, ஒட்டாமல் உரிந்துவிடும். அந்த யோசனையை இன்று வரை நான் தொட்டிக்குப் பயன்படுத்துகிறேன்.

அன்று மாலையே மன்றத் தலைவர் ஆட்சேபம் சொல்லிவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பொதுப்பணித் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர், இன்னமும் தனியாகப் படகு ஓட்டுகிறார்.

"உம்மட மருமகள் படகு ஓட்டுறாவோ, பிளேன் ஓட்டுறாவோ?"

"ரெண்டும்தான். உங்களுக்கு டிக்கெட் போடட்டுமா?"

"பகிடி விடாதையும். அந்தக் கத்தி மாதிரிச் சாமானுக்கு மேல ஒராள் விழுந்தால் என்ன நடக்கும்? விதி ஒண்டு எழுதத்தான் வேணும். பெரிய பந்தயத்துக்கு முதல் எழுதி முடிக்கோணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மருமகள் முகத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு மழைக்காலம் அவள் சனி ஞாயிறு பார்க்காமல் செய்த வேலை அது. விதி அதைத் தள்ளிவிட்டால் அந்தப் பலகையோடு பந்தயத்தில் இறங்க முடியாது. சுற்று வட்டாரத்தில் வேறு பந்தயமும் கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் லோரியில் வைத்து என்னிடம் சொன்னாள்: "றெக்கைக்கு இடம் இல்லன்னா படகக் குடுத்துர்றேன் மாமா. ஒரு தடவ பறந்துட்டு மறுபடி இழுத்துக்கிட்டுப் போக முடியாது. ஆனா நீங்க கூட்டத்துல எனக்காக ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுனீங்கன்னா நானே எந்திரிச்சுப் போயிடுவேன்."

விதி எழுதும் குழுவில் நான் படகு கட்டுகிறவன் என்ற முறையில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் ஒருவர். மூன்றாவது, படகுகளை அளந்து சான்று கொடுக்கும் மலாய்க்காரர். பள்ளியில் மரவேலை சொல்லிக் கொடுத்த வாத்தியார். அவர் சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நம்மைவிடச் சுத்தமாகத் தோட்டத் தமிழ் பேசுவார். என்னைத் தவுக்கே என்பார், முதலாளி என்று அர்த்தம். எவ்வளவு சொன்னாலும் அந்த வார்த்தையில் ஒரு கிண்டல் இருக்கும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் தமிழில் சொல்வேன், தலைவர் இங்கிலீஷில் எழுதுவார், வாத்தியார் மலாயில் எழுதுவார். பிறகு ஒவ்வொருவரும் தன் கையிலுள்ளதைப் படித்து, அது சொல்கிறபடி செய்து காட்ட வேண்டும். மேசைமேல் பலகை இருக்கும், டேப் இருக்கும். மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்தால் அது விதி. ஆளுக்கொன்று செய்தால் கிழித்துப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவோம்.

தலைவர் எழுதி வந்த முதல் வரி அழகாக இருந்தது: படகை மேல்நோக்கித் தூக்கும் விசையை உண்டாக்கும் எந்தப் பலகையும் அனுமதிக்கப்படாது. வாத்தியார் படித்துவிட்டு டேப்பை எடுத்தார். பலகையின் இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டார்.

"அலமாக்! விசைய எங்க வச்சு அளக்கிறது? கரையில அதுபாட்டுக்குப் படுத்துக் கிடக்குதே."

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. தூக்குவது என்றால் என்ன? இத்தனை வருஷம் தண்ணீரில் மிதக்கிற சாமான்களைச் செய்து பிழைத்தவன், இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மிதப்பது வேறு, இது வேறு. அந்தப் பலகையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மூழ்குகிற பொருள் எப்படிப் படகைத் தூக்கும்? மருமகளைக் கேட்டால் பேப்பரில் அம்புக்குறி போட்டாள். அம்பு எனக்கு ஏறாது. கைக்குத் தெரிந்தால்தான் தலைக்குத் தெரியும் எனக்கு.

சந்தையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கினேன். என் வேலைப்படகை ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனேன். தலைவரையும் வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டேன். படகின் பக்கத்தில் கட்டையைப் பிணைத்து, அதில் பலகை மேலும் கீழும் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு சட்டம் செய்திருந்தேன். பலகையின் தலையில் தராசு. எஞ்சினை முடுக்கிவிட்டு முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

முதலில் பழைய நேர்ப் பலகை. முள் ஆடியது, ஒன்றும் பெரிதாக இல்லை. "பாத்தீங்களா, நேர்ப் பலகை சுத்தம்" என்றேன். அந்த நேரம் ஒரு அலை வந்து படகு ஒரு பக்கம் சாய்ந்தது. முள் ஒரே தாவாகத் தாவியது. சாய்ந்த நேரமெல்லாம் பலகை மேலே இழுத்தது, நிமிர்ந்தால் விட்டது.

தலைவர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினார். "ஓம், ஓம். சாய்ந்தால் எந்தப் பலகையும் தூக்கும். நான் படிச்சதுதான், பரீட்சையும் எழுதினனான். விதி எழுதேக்கை மட்டும் மறந்துபோச்சு." பிறகு எனக்கு விளக்கினார். கார் ஓடும்போது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உள்ளங்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் கை மேலே போகுமே, அதுதான் இது என்றார். தண்ணீர் காற்றைவிடக் கனம், அதனால் சின்ன உள்ளங்கையே போதும் என்றார். தோட்டத்து லோரியில் தொங்கிக்கொண்டு போகும்போது கையை நீட்டி ஆட்டாத பிள்ளை உண்டா? அத்தனை பேரும் இதைக் கையில் வைத்திருந்தோம்.

"அப்போ உங்க வரிப்படி பாத்தா" என்றார் வாத்தியார், "உங்க படகையும் வெளிய தள்ளணும்."

"என்ர படகை மட்டுமில்லை, எல்லாத்தையும்தான். கிழியும் அதை."

அடுத்து மருமகளின் வளைந்த பலகை. நான் எஞ்சினைக் கொஞ்சம் அதிகமாகவே முடுக்கிவிட்டேன், பார்க்கும் ஆசையில். தராசுக் கொக்கி நிமிர்ந்துகொண்டது, வேலைப்படகின் ஒரு பக்கம் எழும்பியது, தலைவர் படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயம், வயதான மனிதர். அவரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இன்னொருக்கா ஓட்டும், இன்னொருக்கா ஓட்டும்!" என்று கத்தினார்.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு வரி கொண்டுபோனேன். யாரும் கேட்காமல் நானே யோசித்தது: பந்தயத்தில் படகு தண்ணீரை விட்டு எழும்பக் கூடாது. இதற்கு மேல் எளிமையாக யார் சொல்வார்? வாத்தியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தவுக்கே, காத்து அடிச்சா உங்க படகுல ஒரு பக்கம் எப்பவும் தூக்கிக்கிட்டுத்தான போகும்? அதுதான அழகே?"

"ரெண்டு பக்கமும் எழும்பக் கூடாதுன்னு போடுங்க."

"அலையில குதிச்சா?"

"குதிக்கிறது வேற."

"யாரு பாக்கிறது? நான் படகுக்கு அடியில நீந்திக்கிட்டே வரணுமா?"

அதையும் கிழித்தோம். காப்பிக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

எங்கள் கரை சேற்றுக் கரை. தண்ணீர் வற்றினால் வெகுதூரத்துக்குச் சாம்பல் நிறச் சேறுதான், அதில் கொக்கு நடக்கும். ஒரு சனிக்கிழமை மருமகள் தனியாகப் பழகப் போனவள் காற்று விழுந்துபோய் நேரத்தில் திரும்ப முடியவில்லை. தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. மற்றப் படகு என்றால் பலகையை மேலே இழுத்துவிட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். இவள் றெக்கை அடியில் மடங்கியிருக்கிறது. அதை மேலிருந்து போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. தண்ணீரில் படகைப் பக்கவாட்டில் சாய்த்துக் கீழே இருந்துதான் மாட்ட வேண்டும், கீழே இருந்துதான் கழற்ற வேண்டும். இரண்டு றெக்கையும் பின்னால் இரண்டு சுக்கானும் சேற்றில் குத்தி நின்றன. தண்ணீர் போய்விட்டது, படகு மேலேயே நின்றது. நடுச்சேற்றில் நாலு காலில் நிற்கும் மேசை போல, அதன்மேல் என் மருமகள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி நடக்க முடியாது, இடுப்பு வரை இழுக்கும் சேறு. தண்ணீர் மீண்டும் ஏறும் வரை அங்கேயேதான். என் மகன் கரையில் நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தான். வாத்தியார் ஒரு தட்டைப் பலகையைச் சேற்றின்மேல் வழுக்கவிட்டு, அதில் மண்டியிட்டுத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்துவிட்டு வந்தார். சிப்பி பொறுக்குபவர்கள் அப்படித்தான் போவார்கள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"சம்பல் பத்தலையாம்."

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். மறுநாள் கூட்டத்தில் தலைவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, மரியாதைக்காரர். எடுத்தது மருமகள்தான். படகு வைத்திருப்பவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், பேச விரும்பினால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள்.

"நேத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். கப்பல் போற வழியில அப்படி மாட்டியிருந்தா சிரிச்சிருக்க மாட்டோம். மேல இழுக்க முடியாத பலகை ஆபத்துதான். சொல்லணும்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கழுத்தை அவளே நீட்டிவிட்டாள். அதே சமயம் என் மண்டையில் விளக்கு எரிந்தது. நாங்கள் தூக்கும் விசையைத் துரத்திக்கொண்டிருந்தோம். அதை விடுங்கள். பலகை எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது, அதைப் பிடித்தால் போதாதா? அதைக் கையால் பார்க்கலாமே.

மேசைமேலிருந்த பலகையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னேன்: "படகு நேரா நிக்கிறப்போ, பலகைய மேலயிருந்து ஒரு கையால எறக்கணும். மேலயிருந்து ஒரு கையாலயே எடுக்கணும்."

"ஏன் ஒரு கை?" என்றார் தலைவர்.

"கடல்ல இன்னொரு கை சுக்கானப் பிடிச்சிருக்குமே."

தலைவர் எழுதினார். வாத்தியார் எழுதினார். பிறகு எங்கள் வழக்கப்படி படித்துச் செய்தோம். மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்தோம். எல்லோரும் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த அறையில் இருந்த பலகைகளில் அவளுடையது மட்டும்தான் அந்த வரிக்குள் வராதது. மாமனாரே எழுதிவிட்டாரே என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது கேட்டது.

மருமகள் மறுபடி கையைத் தூக்கினாள். "வடிவத்தப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதேல்லை. வடிவத்தை எப்படி எழுதுறது எண்டு எனக்கு விளங்கேல்லை. இறங்கி ஏறினால் சரி."

"சரிங்க" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் ஏறின பிறகுதான், "மாமா, உங்க துளை கொஞ்சம் அகலம்தான?" என்றாள்.

அகலம்தான். கனத்த மரப்பலகைக்காக நான் அமைத்த துளை அது. மெல்லிய பலகை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் பட்டை ஒட்டி இறுக்கிக்கொள்வார்கள். அவள் அந்தப் பட்டைகளைப் பிய்த்து எறிந்தாள். அகலமான துளைக்குள் மெல்லிய பலகை ஒன்று வளைந்து நெளிந்து இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி. சாரைப்பாம்பு வேலியில் நுழைகிற மாதிரி, தலை ஒரு பக்கம் திரும்ப உடம்பு மறுபக்கம் திரும்ப. அட்டையில் வெட்டி வெட்டி என் பட்டறைத் தரை முழுவதும் போட்டாள். ஒன்று வளைவு அதிகம், நடுவில் சிக்கும். ஒன்று இறங்கும், ஆனால் தூக்கும் அளவு வளைவு இல்லை. நான் தொட்டி வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே சிக்குகிறது, ஏன் அங்கே சிக்குகிறது? துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு வளைவு அகப்பட்டது. அதை அச்செடுத்து, கறுப்புக் கார்பன் துணி அடுக்கி, பிசின் ஊற்றி, தங்காக் நைலானைப் போர்த்தி இரண்டு பலகை செய்தாள். பட்டறையில் இருந்த என் படகில் போட்டுப் பார்த்தோம். ஒரு கையால் இறங்கியது, ஒரு கையால் ஏறியது. அவள் சின்னப் பிள்ளை மாதிரி அதை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. பலகைகள் பட்டறையில் கிடந்தன. மங்கலாக, உப்புத்தாள் தேய்த்த சாம்பல் நிறத்தில். இத்தனை வருஷத்தில் என் பட்டறையிலிருந்து மங்கலாக ஒரு சாமான் வெளியே போனதில்லை. தண்ணீர்த் தொட்டியில்கூட ஆள் முகம் பார்க்கலாம். நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள், என் மருமகள் பலகை இப்படியா போவது? மேல்பூச்சு ஒரு தடவை அடித்தேன். நன்றாக வந்தது. இன்னொரு தடவை அடித்தேன்.

காலையில் லோரியில் ஏற்றும்போது அவள் பலகையைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"மாமா, பெயிண்டா?"

"பூச்சும்மா. எப்படி?"

"நல்லா பளபளன்னு இருக்கு" என்றாள். பட்டறைக்குள் திரும்பிப் போய்ப் பையில் எதையோ போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். என் மகன் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எனக்கு அப்போதும் புரியவில்லை.

அளப்பது எங்கள் கரையில் ஒரு சடங்கு. படகு தள்ளுவண்டிமேல் நிற்கும். படகின் அடிப்பாகத்துக்கும் மணலுக்கும் நடுவே முழங்கை அளவுதான் இடம். பலகை முழுதாக இறங்காது. அதனால் இரண்டு குழி தோண்டி வைத்திருப்போம், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. படகுகள் ஒவ்வொன்றாக வந்து குழிகளுக்கு மேல் நிற்கும். வாத்தியார் வலைமேல் ஏறி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் பலகையை இறக்கி ஏற்றுவார். பழைய பலகைகள் எல்லாம் தடதடவென்று இறங்கின.

மருமகள் படகு வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. இடது பலகை வளைந்து, திரும்பி, முனகிக்கொண்டே இறங்கியது. குழிக்குள் அதன் நுனி உள்பக்கம் திரும்பி நின்றதைப் பார்த்து ஜனங்கள் கைதட்டினார்கள். வலது பலகை முக்கால்வாசி இறங்கியது. நின்றது. வாத்தியார் அழுத்தினார். அசையவில்லை.

"தள்ளுங்க வாத்தியாரே! ரெண்டு கையும் போடுங்க!"

"தவுக்கே, ஒரு கைன்னு எழுதுனது யாரு?"

அவர் கையை எடுத்துவிட்டார். மருமகள் வலைமேல் மண்டியிட்டுத் துளையை எட்டிப் பார்த்தாள். என் பூச்சு துளையின் ஓரத்தில் வெள்ளையாகச் சுரண்டிக்கொண்டு நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"பந்தயக் கொடி ஏறுற வரைக்கும் மறுபடி காட்டலாந்தான?" என்று தலைவரைக் கேட்டாள்.

தலைவர் கடலைப் பார்த்தார், கொடிமரத்தைப் பார்த்தார். "காட்டலாம். எத்தனை தரமும் காட்டலாம்."

பலகையைப் பிடுங்கி மணலில் குப்புறப் போட்டோம். அவள் பையில் உப்புத்தாள் இருந்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தாள். தேய்க்க ஆரம்பித்தோம். காய்ந்த தாள் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வேண்டும். மேலிருந்து தண்ணீர் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் தலைவர், பந்தய உடுப்போடு, தன் குடிநீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பாக்குறீர்? தேயும். எனக்கும் உது எழும்புறதைக் கிட்ட நிண்டு பாக்கோணும்."

நான் அடித்த பூச்சை நானே தேய்த்து எடுப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பூச்சு நல்ல பூச்சு, அவ்வளவு லேசில் போகவில்லை. விரல் நுனி எரிந்தது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பலகையைத் தடவித் தடவி, "இங்க, மாமா... இங்க இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பளபளப்பெல்லாம் போய்ப் பலகை எருமைத் தோல் நிறத்துக்கு வந்தது.

கொடிமரத்தடியில் ஆள் போய் நின்றுவிட்டான். வாத்தியார் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினார். பலகை திரும்பியது, நெளிந்தது, பழைய இடத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு போய்க் குழியின் அடி மணலைக் குத்தியது. அதே கையால் இழுத்தார். வந்தது.

"போலே லா, சரியாப் போச்சு!" என்று கத்திவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தவர் நேர்ப் பலகை போட்ட பல் டாக்டர் ஒருவர். பாவம், கோப்பையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். மருமகள் முதல் சுற்றில் எழும்பவே இல்லை, காற்று போதவில்லை. இரண்டாம் சுற்றில் காற்று கறுத்துக்கொண்டு வந்தது. கிழியும் சத்தம் நின்றது. படகுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. முன்பு போல ஒரு நொடியில் விழவில்லை. மிதவையிலிருந்து மிதவை வரை போனாள். பிறகு மூக்கைக் குத்தினாள். மறுபடி எழும்பினாள், மறுபடி குத்தினாள். பின்னாலிருந்து மூன்றாவதாக வந்தாள். கடைசியாக வந்தவர் தலைவர். அவர் பாயைத் தளர்த்திவிட்டு நடுக்கடலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கரையில் அவள் படகைச் சுற்றி எல்லோரும் மண்டியிட்டிருந்தார்கள். தலைவர் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே அவளிடம் வந்தார்.

"பிள்ளை, உது நல்லா எழும்புது. பிறகு ஏன் மூக்கு குத்துது?"

"முன்னால தூக்குது, பின்னால பிடிக்க ஒண்ணும் இல்ல அங்கிள். விமானத்துக்கு வால்ல சின்னதா ஒரு றெக்கை இருக்கும்ல? அது மாதிரி சுக்கானுக்கு அடியில வேணும்."

"சுக்கானிலயோ?" தலைவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் ஈரக்கையால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சுக்கானப் பத்தி ரெண்டுன்னு மட்டுந்தான் இருக்கு" என்றார். "தவுக்கே எங்க?"

நான் ஏற்கெனவே படகுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, சுக்கானைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கமிருந்து மாட்டினால் சரியாக வரும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.